சொட்டு மருந்தும் பதினோரு பைசாவும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், வாசலில் ஒரு கால் வைக்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அப்படித் தொங்கிக்கொண்டு போகிற ஒருவர் பல்லாவரம் தாண்டும்போது கை நழுவி விழுந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தப்பு யார் மேல்? கூட்டத்தின் மேலா, ரயில்வே மேலா, தொங்கியவர் மேலா?

சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை! ரயில்வே சட்டத்தில் 124ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1994-ல் சேர்த்தார்கள். டிக்கெட்டோடு பயணம் செய்தவர் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தாலோ, உறுப்பு இழந்தாலோ, யார் தப்பு என்று பார்க்காமல் ரயில்வே பணம் தர வேண்டும். தற்கொலை, குடிபோதை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. உயிர் போனால் 4 லட்சம் என்றிருந்த தொகை 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம் ஆனது.

ரயிலை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வாருங்கள். அங்கே லாரி மோதினாலும் இதே தத்துவம்தான். 1982-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘தவறு பார்க்காத பொறுப்பு’ என்ற ஏற்பாடு நுழைந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்காமலே ஒரு குறைந்தபட்சத் தொகை கிடைக்க அது வழி செய்தது.

சரி, இப்போது இன்னொரு காட்சி. அதே தாம்பரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போலியோ முகாம். அம்மா இடுப்பில் குழந்தை. வாயில் இரண்டு சொட்டு, சுண்டுவிரலில் மை. லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு இதோடு கதை முடிந்தது. ஆனால் எங்கோ ஒரு குழந்தைக்கு, அந்தச் சொட்டு மருந்தாலேயே கால் விளங்காமல் போனால்?

ரயிலில் விழுந்தவருக்கு ஒரு பிரிவு, லாரியில் அடிபட்டவருக்கு ஒரு பிரிவு என்று எழுதி வைத்த சட்டப் புத்தகத்தில், இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை இந்தக் குழந்தைக்கு ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை, மற்ற நாடுகள் என்ன செய்தன, இங்கே என்ன நடந்தது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம்

தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் கட்டுரை அல்ல இது. பெரியம்மை இந்தியாவிலிருந்து 1975-ல் ஒழிந்தது ஊசியால்தான். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததே இந்தியாவின் கடைசி காட்டு வைரஸ் போலியோ. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழ் கிடைத்தது. இதெல்லாம் சாதாரண சாதனை இல்லை. அந்தச் சாதனையின் கணக்குப் புத்தகத்தில் பற்றுப் பக்கம் ஒன்றும் இருக்கிறது. அதில் எழுத வேண்டியதை எழுதினார்களா என்பதே கேள்வி.

தடுப்பூசியின் ஊர்

தென் சென்னைக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையமாகத் தொடங்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஜி. கிங் பெயர்தான் அதற்கு. பக்கத்திலேயே 1948-ல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் வந்தது. தாம்பரம் சானடோரியம் என்று இன்றும் ரயில் நிலையப் பெயரில் இருக்கிறதே, அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928-ல் ஆரம்பித்தவர் டாக்டர் சவுரி முத்து. இன்னும் தெற்கே போனால் செங்கல்பட்டு அருகே திருமணியில் ஒன்றிய அரசு நிறுவனத்தின் தடுப்பூசி வளாகம்.

ஆக, கிண்டியிலிருந்து செங்கல்பட்டு வரை ஒரே ரயில் பாதையில் தடுப்பூசியின் நூறு வருட வரலாறு இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மருந்தைத் தயாரித்தது அரசு. கொண்டு வந்தது அரசு. போட்டது அரசு நர்ஸ். சில காலம், போடாவிட்டால் அபராதம் விதித்ததும் அரசு. 1880-ல் வெள்ளைக்காரர் ஆட்சி கொண்டுவந்த தடுப்பூசிச் சட்டம், அது நடைமுறைக்கு வந்த நகராட்சிப் பகுதிகளில், குழந்தைக்கு அம்மை குத்துவதைப் பெற்றோரின் கட்டாயக் கடமையாக்கியது. குத்தாமல் விட்டால் தண்டனை என்று எழுதத் தெரிந்த சட்டத்துக்கு, குத்தியதால் கெடுதல் வந்தால் என்ன என்று எழுதத் தோன்றவில்லை.

53 என்: ஒரு பாட்டிலின் கதை

1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் தடுப்பூசி முகாம் நடந்தது. அன்று 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் ரணஜன்னி வந்து இறந்தார்கள். 19 பேருக்கும் ஊசி போட்டது ஒரே பாட்டிலிலிருந்து. அதன் எண் ‘53 என்’.

தடுப்பூசியைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஹாஃப்கின் மீது பழி விழுந்தது, பதவி போனது. பல வருடம் போராடி, ரொனால்ட் ராஸ் போன்ற பெரிய விஞ்ஞானிகள் ஆதரவாக எழுதி, 1907-ல் அவர் மீதான பழி நீங்கியது. பம்பாயில் அவர் நடத்திய ஆய்வகத்துக்கு 1925-ல் அவர் பெயரையே வைத்தார்கள். நல்லது, நியாயம்தான்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாட்டிலின் எண்ணைச் சரியாகச் சொல்கிறார்கள், விஞ்ஞானியின் பெயரைச் சொல்கிறார்கள். 19 பேரின் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘யார் குற்றவாளி’ என்று தேடுவதிலேயே விசாரணை தீர்ந்து போனால், பாதிக்கப்பட்டவர் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே மிஞ்சுவார்.

ராஜாஜி எழுப்பிய சர்ச்சை

சுதந்திரத்துக்குப் பிறகு பி.சி.ஜி. இயக்கம் நாடு முழுக்கப் பரவியபோது, எதிர்த்துக் குரல் கொடுத்தவர் ராஜாஜி. முதல்வர் பதவியிலிருந்து 1954-ல் விலகிய அவர், 1955-ல் தான் ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு புத்தகமே வெளியிட்டார். நோயே இல்லாத பிள்ளைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியை இப்படிக் கூட்டம் கூட்டமாகச் செலுத்தலாமா என்பது அவர் கவலை. அவர் பயந்ததில் எல்லாமே உண்மை ஆகிவிடவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால்தான் பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது. இன்னொரு பக்கம், 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் தொடங்கிய மிகப்பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டி உலகத்தையே வியக்க வைத்தது.

இந்த விவாதம் முழுக்க ‘ஊசி நல்லதா கெட்டதா’ என்றே நடந்தது. ‘நல்லதுதான், ஆனாலும் ஒருவருக்குக் கெடுதல் ஆகிவிட்டால்?’ என்ற மூன்றாவது கேள்விக்கு அதில் இடமே கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

மேற்கு ஜெர்மனியில் அந்த மூன்றாவது கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே 1874 முதல் பெரியம்மைத் தடுப்பூசி கட்டாயம். அந்த ஊசியால் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில் 1953-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் சாரம் எளிமையானது. எல்லோருடைய நன்மைக்காக ஒருவர் தன் உடம்பைக் கொடுத்து, அதனால் மற்றவர்களுக்கு நேராத இழப்பு அவருக்கு மட்டும் நேர்ந்தால், அது தியாகம். அந்தத் தியாகத்தை ஈடுகட்ட வேண்டியது சமூகத்தின் கடன். 1961-ல் இது சட்டமே ஆனது. நஷ்டஈடு கேட்பவர் இங்கே யாசகர் இல்லை, கடன் கொடுத்தவர்! கணக்குப் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும்.

ஜப்பானில் 1948-ல் தொண்டை அடைப்பான் தடுப்பூசியில் நேர்ந்த கோளாறால் கியோட்டோ, ஷிமானே பகுதிகளில் 84 குழந்தைகள் இறந்தார்கள். பிறகு பெரியம்மை ஊசி தொடர்பான வழக்குகளும் சேர்ந்துகொள்ள, 1976-ல் அங்கே நஷ்டஈடு சட்டத்தில் இடம்பிடித்தது.

பிரிட்டனில் பெற்றோர்கள் போராடினார்கள். ரோஸ்மேரி ஃபாக்ஸ் என்ற தாய் 1973-ல் ஒரு சங்கம் அமைத்தார். 1979-ல் சட்டம் வந்தது. ஆரம்பத் தொகை 10,000 பவுண்டு. 2007-ல் 1,20,000 பவுண்டு. ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்ற விதி 2002-ல் 60 சதவீதமாகக் குறைந்தது. 59 சதவீதம் உள்ளவருக்கு ஒன்றும் இல்லை என்ற குறை அதிலும் உண்டு.

அமெரிக்காவின் கதை வேறு மாதிரி. அங்கே தடுப்பூசிக் கம்பெனிகள் மீது வழக்குமேல் வழக்கு வந்து, தொழிலே வேண்டாம் என்று சில கம்பெனிகள் விலகின. ஊசியே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் 1986-ல் சட்டம் போட்டு, 1988-ல் திட்டத்தைத் தொடங்கினார்கள். பணம் எங்கிருந்து? ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும், ஒரு டோஸுக்கு 75 சென்ட் வரி. ஊசி போட்டுக்கொள்ளும் எல்லோரும் சில்லறை போடுகிறார்கள். பாதிக்கப்பட்ட சிலருக்கு அது போகிறது. பச்சையாகச் சொன்னால் இன்சூரன்ஸ்!

2018 நிலவரப்படி உலகில் 25 நாடுகளில் இப்படி ஏதோ ஒரு திட்டம் இருந்தது. ‘அதெல்லாம் பணக்கார நாடுகளுக்கு’ என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பட்டியலில் வியட்நாம் உண்டு, நம் பக்கத்து வீட்டு நேபாளமும் உண்டு. இந்தியா இல்லை.

சொட்டு மருந்தின் மறுபக்கம்

வாய்வழி போலியோ மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கப்பட்ட வைரஸ். விலை குறைவு, ஊசி வேண்டாம், யாரும் கொடுக்கலாம். குடலில் பெருகி எதிர்ப்புச் சக்தியைத் தருகிறது. அப்படிப் பெருகும்போது மிக மிக அரிதாகப் பழைய பலத்தைத் திரும்பப் பெற்று, நரம்பைத் தாக்கிவிடும். மருந்து குடித்த குழந்தைக்கும் வரலாம். குடித்த குழந்தையோடு பழகிய இன்னொரு குழந்தைக்கும் வரலாம். வந்தால் அது அசல் போலியோ போலவே காலை முடக்கும்.

இது ரகசியமில்லை, எல்லா மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது. இதற்காகவே அமெரிக்கா 2000-ல் சொட்டு மருந்தை விட்டு முழுக்க ஊசிக்கு மாறியது. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு பக்கவாத நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அந்த ஒரே வருடத்தில் 181 பேருக்கு வந்த பக்கவாதம் சொட்டு மருந்து வைரஸோடு தொடர்புடையது என்று அது கணக்கிட்டது. விகிதம் பார்த்தால் சுமார் 41 முதல் 46 லட்சம் டோஸுக்கு ஒன்று. நாட்டுக்கு அது மிகச் சிறிய எண். அந்த வீட்டுக்கு?

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒழிப்புத் திட்டத்தின் கணக்கில் ‘போலியோ’ என்றால் காட்டு வைரஸால் வந்தது மட்டுமே. மருந்து வைரஸால் வந்தது அந்த எண்ணிக்கையில் சேராது. அதாவது குழந்தையின் கால் போலியோ வந்த கால் மாதிரியே இருக்கும். ஆனால் ஏட்டில் அது போலியோ இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் நிபுணர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் இதன் தார்மீகப் பிரச்சினையைப் பல வருடம் தொடர்ந்து எழுதி வந்தார். அவர் தடுப்பூசி எதிர்ப்பாளர் இல்லை. போலியோவை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் முன்வரிசைக்காரர். அவர் சொன்னபோதும் சட்டம் அசையவில்லை.

இந்தியாவில் 2015 நவம்பரில் போலியோ ஊசி அறிமுகமானது. 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸ் நீக்கப்பட்டது. ஆபத்து குறைந்தது. ஏற்கனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை.

அப்படி ஒரு குடும்பத்துக்கு என்ன வழி இருந்தது? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம், அதற்கு 40 சதவீத ஊனம் வேண்டும். பஸ் சலுகை, உதவித்தொகை, காலிப்பர், மூன்று சக்கர வண்டி கிடைக்கலாம். முட்டுக்காட்டில் 2005-ல் வந்த தேசிய நிறுவனத்தில் பயிற்சி பெறலாம். இதெல்லாம் எந்தக் காரணத்தால் ஊனம் வந்தவருக்கும் அரசு செய்கிற நலத்திட்டம். ‘உன் கால் எங்கள் திட்டத்தால் போனது, இது நாங்கள் பட்ட கடன்’ என்று சொல்லிக் கொடுக்கும் பணம் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அது வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போய் யாருடைய கவனக்குறைவு என்று நிரூபிக்க வேண்டும். மருந்து தரமானது, நர்ஸ் சரியாகத்தான் கொடுத்தார் என்றால் யாரை நிரூபிப்பது? யாருமே தப்பு செய்யாத இடத்தில் தப்பை நிரூபி என்று சொல்வது, கதவே இல்லாத வீட்டுக்குச் சாவி கொடுப்பது மாதிரி.

கோவிட் வந்தது, கேள்வி பெரிதானது

2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தபோது மாநிலமே அதிர்ந்தது. இதுபோன்ற ஒவ்வொரு சம்பவத்துக்கும் விசாரணைக் குழு வரும். அரசு மனம் வைத்தால் நிவாரணம் வரும். நிவாரணம் அறிவிப்பில் வருவது, உரிமை சட்டத்தில் இருப்பது. இரண்டும் ஒன்றல்ல.

ஒரு விசித்திரம் பாருங்கள். 2013 ஜனவரியில் மருந்து விதிகள் திருத்தப்பட்டு, பரிசோதனை மருந்தால் பாதிக்கப்படும் தன்னார்வலருக்கு நஷ்டஈடு உறுதியானது. ஆக, ஊசியைச் சோதனை செய்யும்போது பாதிக்கப்பட்டால் பணம் உண்டு. அதே ஊசி பாஸாகி, ஊருக்கெல்லாம் போடும்போது பாதிக்கப்பட்டால் இல்லை!

2020 அக்டோபரில் சென்னையில் கோவிஷீல்டு பரிசோதனையில் பங்கேற்ற ஒருவர், தனக்கு நரம்புப் பாதிப்பு வந்ததாகக் கூறி 5 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற சீரம் நிறுவனம், பதிலுக்கு 100 கோடிக்கு மேல் கேட்போம் என்றது. அரசின் பரிசீலனையிலும் தொடர்பில்லை என்றே முடிவானது. யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். விதி இருக்கிற பரிசோதனையிலேயே இந்த நிலை என்றால், விதி இல்லாத பொது முகாமில்?

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாவது நாள் மாரடைப்பால் இறந்தார். ஊசிக்குத் தொடர்பில்லை என்று பின்னர் நிபுணர் குழு சொன்னது. ஆனாலும் அந்த நாட்களில் டீக்கடையெல்லாம் அதே பேச்சு. ‘பிறகு’ நடந்ததெல்லாம் ‘அதனால்’ நடந்தது ஆகாது. அதைப் பிரித்துச் சொல்ல, மக்கள் நம்பும் ஓர் அமைப்பு வேண்டும். நஷ்டஈட்டுத் திட்டம் உள்ள நாடுகளில் அந்த வேலையும் சேர்ந்தே நடக்கிறது.

2022-ல் மூன்று விஷயங்கள் நடந்தன. மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது என்றும், பக்கவிளைவு விவரங்களை வெளியிட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கோவிட் ஊசியால் இறந்தவர்களைக் கண்டறிந்து குடும்பத்துக்கு ஈடு தர வழிமுறை வகுக்கும்படி உத்தரவிட்டது. நவம்பரில், மகள்களை இழந்த பெற்றோர் தொடர்ந்த வழக்கில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் பதில் தாக்கல் செய்தது. ஊசி விருப்பத்தின் பேரில் போடப்பட்டது, சட்டக் கட்டாயம் இல்லை, எனவே அரசு நேரடிப் பொறுப்பேற்க முடியாது, வேண்டுமானால் சிவில் நீதிமன்றம் போகலாம் என்பது அதன் சாரம். வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது.

‘விருப்பத்தின் பேரில்’ என்பது காகிதத்தில் சரி. சான்றிதழ் இல்லாமல் பொது இடங்களுக்கு வரக் கூடாது என்று பல மாநிலங்கள் சொன்ன காலம் அது. சரி, விருப்பம் என்றே வைத்துக்கொண்டாலும், மின்சார ரயிலில் ஏறுவதும் விருப்பம்தானே? அங்கே 124ஏ இருக்கிறதே!

கணக்கு போட்டுப் பார்த்தால்

எதிர்க் கேள்விகள் உண்டு. நஷ்டஈடு கொடுத்தால் மக்கள் பயந்துவிட மாட்டார்களா என்பது முதலாவது. பிரிட்டனில் 1974-ல் கக்குவான் ஊசியால் மூளை பாதிக்கும் என்ற சந்தேகம் கிளம்பி, 80 சதவீதத்தை ஒட்டி இருந்த தடுப்பூசி அளவு 30 சதவீத அளவுக்குச் சரிந்தது. கக்குவான் திரும்ப வந்தது. பிந்தைய ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தை உறுதி செய்யவில்லை. இந்தப் பயம் வந்தபோது அங்கே நஷ்டஈட்டுச் சட்டமே கிடையாது. சட்டம் அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் வந்தது. சட்டம் இல்லாததால் பயம் வராமல் இருந்துவிடவில்லை.

இரண்டாவது கேள்வி, இவ்வளவு பெரிய நாட்டில் பணத்துக்கு எங்கே போவது? 1999-ன் எண்களையே எடுத்துக்கொள்வோம். சுமார் 45 லட்சம் டோஸுக்கு ஒரு பாதிப்பு. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுப்பதாக வைப்போம். 5 லட்சத்தை 45 லட்சத்தால் வகுத்தால், ஒரு டோஸுக்கு 11 பைசா.

பதினோரு பைசா! 1999-லும் அதற்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைத்திருக்காது. 181 பேருக்கும் சேர்த்து 9 கோடியே 5 லட்சம். நாடு முழுக்க நடந்த ஒரு திட்டத்தின் செலவில் இது எந்த மூலைக்கு?

ஆக, பணம் காரணமில்லை. விஞ்ஞானம் தெரியாததும் காரணமில்லை. ‘எங்களால் சிலருக்குக் கெடுதல் நேர்ந்தது’ என்று ஏட்டில் எழுத அரசுக்கு வந்த தயக்கமே காரணம் என்று தோன்றுகிறது. அப்படி எழுதினால் திட்டத்தின் பெயர் கெடும் என்ற பயம். நேபாளம் எழுதியது, ஜப்பான் எழுதியது. அங்கெல்லாம் குழந்தைகள் இன்னும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கோவிட் வழக்குகளில் நீதிமன்றமும் அரசும் எந்த முடிவுக்கு வந்தாலும், அது கோவிட் ஊசிக்கானது. 1999-ல் கால் விளங்காமல் போன அந்த 181 பேரில் உயிரோடு இருப்பவர்கள் இன்று கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு அண்ணன், அக்கா வயதில் இருப்பார்கள். அவர்களும் சேர்ந்து போட்ட கோலம்தான் 2014-ன் போலியோ இல்லாத இந்தியா. அடுத்த முறை சானடோரியம் ஸ்டேஷனில் காலிப்பர் போட்டு மெதுவாக இறங்கும் ஒருவரைப் பார்த்தால், அவர் அந்த 181-ல் ஒருவரா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம், ஏனென்றால் ஏட்டில் அது போலியோ இல்லை.

டோஸுக்குப் பதினோரு பைசா என்ற அந்தக் கடன் மட்டும் நம் எல்லோர் பெயரிலும் பாக்கி நிற்கிறது.